அசையாதீங்க அக்காவின் முறை

இந்த நினைவுக் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் மாமாவான பெரியவர் அவர்களே, ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அக்காவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். உண்மைதான். எங்கள் பொறுமையைச் சோதித்தவரும் அவர்தான் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

எங்கள் ஸ்கேன் பிரிவின் தலைமை டெக்னீஷியன். இயந்திரத்துக்குள் படுத்த ஒவ்வொருவரிடமும் "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே, அசையாதீங்க அக்கா ஆனவர். மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டுகளைக் கண்டால், கூட வந்தவரைப் பிடித்துக்கொள்வார்.

"மூளைக்குள்ள இருக்கிற பொடி ரத்தக்குழாய்ங்க கெட்டுப்போகுது. பிரஷர் மாத்திரைய விட்டுடாதீங்க. யோசனை மந்தமாகும், நடை தளரும். அப்ப சோம்பேறின்னு திட்டாதீங்க."

ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் மாத்திரையை எங்கே வைத்திருந்தார்? கைப்பையில். அது கைப்பையிலேயே இருந்தது. கேட்டால், "போட்டா தலை சுத்துது. நீ போய் அடுத்த ஆளக் கூப்பிடு" என்பார்.

இயந்திரத்தைப் பழுது பார்த்த பிறகு எங்களில் ஒருவர் உள்ளே படுத்துச் சோதனைப் படம் எடுப்பது வழக்கம். முறை வைத்துப் படுப்போம். அக்காவின் முறை வரும்போதெல்லாம், "நான் உள்ள போயிட்டா பட்டனை உங்கப்பனா வந்து அழுத்துவான்?" என்பார். நாங்கள் சிரித்தோம். ஒருவராவது கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தோமா?

பிறகு அக்கா மெதுவானார். பழகிய பட்டன்களையே வரிசை மாற்றி அழுத்தினார். நோயாளியை அழைத்துவிட்டு, எதற்கு அழைத்தோம் என்று நின்றார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடந்தார். நாம் என்ன சொன்னோம்? "அக்காவுக்கு வேலையில மனசில்ல." "ரிட்டையர் ஆகப்போறாங்கல்ல, அப்படித்தான்."

நாள் முழுக்க அந்தத் திட்டுகளையே பார்க்கிறவர்கள் நாம். நம் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. நமக்கு எதற்குப் படிப்பு? எதற்கு அத்தனை பெரிய இயந்திரம்?

நடைபாதையில் விழுந்த பிறகுதான் அக்காவின் முறை வந்தது. படுத்தார். துளியும் அசையவில்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"யாருது இது? பாவம், மாத்திரையே போட்டிருக்க மாட்டாங்க. கூட வந்தவங்களக் கூப்பிடு."

மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். கூப்பிட்டேன்.

அதன்பின் வேளை தவறாமல் மாமா மாத்திரை கொடுத்தார். பக்கவாதம் முந்திக்கொண்டது.

மாமாவுக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு. இன்று வாசலில் விசாரித்தேன். "அவளே போயிட்டா, எனக்கு என்னத்துக்கும்மா மாத்திரை?" என்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரே வீட்டில் எத்தனை பேர் இப்படிப் பிடிவாதம் பிடிப்பீர்கள்?

தலைமை மருத்துவர் அவர்களே, அக்காவின் புகைப்படத்தைச் சுவரில் நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம். இனி நம் பிரிவில் யாருடைய முறையும் தள்ளிப்போகாது. ஒருவர் மெதுவானால், சோம்பேறி என்று முத்திரை குத்தும் முன் சோதித்துப் பார்ப்போம். அக்காவின் பெயரால் இது உறுதி. பிரஷர் பார்க்கும் கருவியை இங்கேயே கொண்டுவந்திருக்கிறேன்.

மாமா, நீங்க எழுந்திரிக்க வேண்டாம், நானே வரேன். கைய இப்படி நீட்டுங்க.

அசையாதீங்க.