டிரம்ஸ் வரும்வரை கைதட்டினோம்

திங்கட்கிழமைக் காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் கந்தோர் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நேற்றுக் கச்சேரியில டிரம்ஸ் இல்லாமல்தான் முதல் ஆறு பாட்டும் நல்லா இருந்தது.”

“உனக்கென்ன விசரே? அந்தப் பாட்டுக் குழுவின்ர புதுக் கசெட் டிரம்ஸுக்காகத்தானே ஓடுது?”

“கசெட்டில டிரம்ஸ் சத்தம் கூடிப்போச்சு. பாடுறவளின்ர குரலே கேக்காது. சேர்ச் ஹோலில நாப்பது பேர்தான் இருந்தம். டிரம்ஸ் அடிக்கிற பொடியனை வாற வழியில செக் பொயின்ட்ல தமிழன் எண்டு பிடிச்சுப் பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்கள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பாடினாள். நாங்கள்தான் கைதட்டித் தாளம் போட்டனாங்கள்.”

“ஐயோ! பிறகு?”

“ஏழாவது பாட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். எல்லாரும் எழும்பி நிண்டிட்டம். நேராப் போய் இருந்து அடிக்கத் தொடங்கினான்.”

“எப்பிடி அடிச்சான்?”

“முழுக்கப் பிழை. தாளம் பாட்டுக்கு முன்னால ஓடினது. இன்னொருக்கா எண்டு கேட்டுக் கேட்டு அதே பாட்டை மூண்டு தரம் பாடவைச்சம். மூண்டாம் தரம் சரியா வந்துது.”

பஸ் பம்பலப்பிட்டியில் நின்றது. மற்றவள் கேட்டாள்:

“அடுத்த கச்சேரி எப்ப?”

“வாற ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில.”

“எனக்கும் உனக்குப் பக்கத்தில ஒரு கதிரை பிடி.”