சித்தப்பா மக

மர்லியா: சிரிக்காதீங்க ரெண்டு பேரும், மன அழுத்தத்த அளக்குற ஆய்வு இது. அடுத்த கேள்வி. நீங்க ஒருத்திக்கொருத்தி யாருன்னு வெளிய மறைக்க வேண்டி வந்திச்சா? பூச்சியம்னா இல்லவே இல்ல. நாலுன்னா எந்நேரமும்.

துஷாந்தினி: நாங்க எங்க மிஸ் மறைச்சோம்? இந்த விஜியோட அண்ணன்தான் மறைச்சாரு. தேயிலத் தோட்டத்து லயத்துல கேட்டவங்களுக்கெல்லாம், நான் இவ சித்தப்பா மகளாம்!

விஜயலெட்சுமி: பொம்பளையும் பொம்பளையும் குடும்பம் நடத்துறத வேற எப்படிச் சொல்லுவாரு...

துஷாந்தினி: இவ பெரியப்பா செத்தாரு. பங்காளி தீட்டு, எனக்கும் சேத்துன்னுட்டாங்க. அம்மனுக்குப் பால்குடம் நேந்திருந்தேன் மிஸ். மொகம் தெரியாத மனுசனுக்காக கோயில் பக்கமே போகல.

மர்லியா: ஐயோ... பதுளை ஆபீஸ்ல குடுத்த தாள்ல இதுக்குக் கேள்வியே இல்லையே.

விஜயலெட்சுமி: அன்னைக்கு அழுதா.

துஷாந்தினி: அழல. கோவம்.

மர்லியா: சரி, தூக்கம் கெடுதா?

துஷாந்தினி: இவளுக்குத்தான். இந்த வாரம் பூரா...

விஜயலெட்சுமி: ஏய், வாய மூடு.

மர்லியா: என்னமோ மறைக்கிறீங்க. சாரியும் பூவுமா நிக்கிறீங்க... எனக்காகவா?

துஷாந்தினி: உங்களுக்குன்னே வச்சுக்கிங்க.

மர்லியா: பயம் எவ்வளவு?

விஜயலெட்சுமி: நேத்து வரைக்கும் நாலு. இப்ப... பயம்னு எழுதாதீங்க.

துஷாந்தினி: மன அழுத்தத்த எங்ககிட்டயே அளக்குறீங்களே மிஸ். குடுக்கிறவங்கள யாரு அளக்குறது?

மர்லியா: நியாயந்தான்... வெளிய வேன் ஒண்ணு நிக்கிது. தட்டத்தோட எறங்குறாங்க. யாரு?

விஜயலெட்சுமி: எங்கண்ணன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களோட வாராரு, என்னப் பொண்ணு பாக்க.

மர்லியா: யா அல்லாஹ்! அப்ப நான் வாறேன்...

துஷாந்தினி: உக்காருங்க மிஸ்! இன்னைக்கே வாங்கன்னு கூப்பிட்டதே இதுக்குத்தான். வெளி ஆளு இருந்தா சட்டுனு கை ஓங்க மாட்டாரு. என்னக் காலையிலேயே பஸ் ஏறிப் போயிரச் சொன்னாரு. போவனா?

மர்லியா: மீறி அடிச்சா?

விஜயலெட்சுமி: அடிக்கட்டும். துஷா, கதவத் தொற. வந்து என் பக்கத்துல நில்லு... வாங்கண்ணே, எல்லாரும் உள்ள வாங்க. ஒக்காருறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிங்க. இவ என் சித்தப்பா மக இல்ல. என் வீட்டுக்காரி.