புலவர் பெண்டாட்டி முடித்த பாட்டு

ரயில் வருவதற்கும் முன்னால், தேரிவிளை என்ற ஊரில் மாசானமுத்து என்று ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் இருந்தாராம். எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா.

அந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் புலவர் நாற்பத்தொரு நாள் விரதம் இருக்க வேண்டும். ஒரு வேளைதான் சோறு. மதியக் கொடையில் பாட்டு பாதியில் நிற்கவே கூடாது.

தொண்டை கட்டாமலிருக்க அதிமதுர மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வார். சந்தையில் பிள்ளைகள் வாங்கித் தின்கிற மிட்டாய்தான். ஒன்று போட்டால் இதம். இவர் ஒன்றோடு நின்றாரா? காலையில் பத்து, மதியம் பத்து, பொழுது சாய்ந்தால் பத்து. பெண்டாட்டி பேச்சித்தாய் கேட்டால், மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பாராம். அவளும் எத்தனை தரம்தான் சொல்லுவாள்? ஒளித்து வைத்தாளாம். அவர் வேறே வாங்கினாராம்.

மூன்றாம் வாரம் கால் வீங்கியது. சாமி இறங்குகிறது என்றாராம். தலை கனத்தது. அதுவும் சாமி என்றாராம். செம்பைத் தூக்கக் கையில் வலுவில்லை. அதற்கும் சாமிதானாம்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "நாடி தப்பித் தப்பி ஓடுது. உடம்புக்குள்ள உப்பும் நீரும் ஒண்ணுக்கொண்ணு சரியா நிக்கணும். இந்த மிட்டாய் அதைக் கலைச்சிட்டு. இன்னும் தின்னா நெஞ்சு நின்னுபோகும்."

புலவர் தலையை ஆட்டினாராம். அப்போதும் வாய்க்குள் மிட்டாய் இருந்ததாம்.

கொடை வந்தது. உச்சி வெயில். கதையில் அம்மன் பிறக்கிற இடம் வரைக்கும் பாடிவிட்டார். அங்கே வில்லை அடிக்கிற கோல் கையிலிருந்து நழுவியது. எடுக்க முடியவில்லை. உதடு வெளுத்துப்போயிற்று. ஊர்க்காரர்களோ, நிறுத்தாதேயும், நிறுத்தாதேயும் என்கிறார்கள்.

பேச்சித்தாய் எழுந்து வந்தாளாம். புருசன் கன்னத்துக்குள் விரலை விட்டு மிட்டாயைத் தோண்டி எறிந்தாளாம்.

"செத்துப்போனா எந்த வாயால பாடுவீரு? தள்ளும்."

பொம்பளை வில்லைத் தொடலாமா என்று யாரோ இழுத்தார்.

"பாட்டு நிக்கக்கூடாது, அவ்வளவுதான? இருவது வருசமா அடுப்படியில இதைத்தான கேக்கேன்."

கோலை எடுத்தாள். பாடினாள். ஒரு அடி அம்மனைப் பாடுவாள், ஒரு அடி புருசனை ஏசுவாள். குடம் அடிக்கிறவர் இரண்டுக்கும் சேர்த்தே தாளம் போட்டாராம். பாட்டு நிற்கவில்லை. புலவரைத் தூக்கிப்போய் வேப்பமர நிழலில் படுக்க வைத்தார்கள். மிட்டாயை விட்டு, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் நடமாடினாராம்.

இன்றைக்கும் தேரிவிளையில் அம்மன் பிறந்ததும் புலவர் கோலைக் கீழே வைத்துவிடுவார். அவர் பெண்டாட்டி வந்து மீதியைப் பாடுவாள். அடிக்கு அடி புருசனை ஏசவும் வேண்டும். ஏச்சு இல்லாவிட்டால் கொடை முடிந்ததாக ஊர் ஒத்துக்கொள்ளாது. ஒரு வருசம் புதிதாய்க் கல்யாணமாகி வந்தவள், ஏச ஒன்றும் இல்லையே என்று விழித்தாளாம். கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லாரும் எடுத்துக் கொடுத்தார்களாம்.