வெடிக்காத கல்

– தண்ணியில முங்கிக் கிடக்கிற கல்லெல்லாம் வேணாம் தம்பி. காஞ்ச கல்லாக் காட்டுங்க.

– முதல்ல உக்காருங்க அண்ணி. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. அண்ணன் வரலையா?

– அவர் வந்தா நான் எதுக்கு வர்றேன்? இந்தாங்க, போன வாரம் உங்ககிட்ட வாங்கிட்டு வந்தாரே, அந்த ஓபல்.

– எதுக்கு இப்படிப் பஞ்சுல சுத்தி... ஐயோ.

– ஐயோதான். காலையில தூசி தட்டறப்ப பார்த்தேன். குறுக்க ஒரு கோடு, அதுலேர்ந்து நாலா பக்கமும் சிலந்தி வலை மாதிரி. நேத்து சாயங்காலம்கூட முழுசா இருந்துச்சு.

– பாருங்க, ஓபலோட குணமே அதான். கல்லுக்குள்ளேயே ஈரம் இருக்கும். மண்ணுக்குள்ளேர்ந்து வெளிய வந்ததும் காய ஆரம்பிக்கும். சிலது தாங்கும், சிலது வெடிச்சிடும். அதனாலதான் நாங்க தண்ணியிலேயே போட்டு வைக்கிறோம். தண்ணியில கிடக்கிற வரைக்கும் எல்லாக் கல்லும் மகாராணிதான்.

– எனக்கேவா பாடம்? இந்தக் கல்லுங்கதான் எனக்குச் சக்களத்தி. என் புடவைக்கு இடமில்லாத வீட்டுல, பீரோ பீரோவாக் கல் குடியிருக்கு.

– கோச்சுக்காதீங்க. பாருங்க, வேற கல் தர்றேன்.

– வேற கல் வேணாம். இதே கல் வேணும். இதே அளவு, இதே தவிட்டு நிறத் தோல், ஓரத்துல இதே பச்சை மினுக்கு. அவர் முழிச்சுக்கறதுக்குள்ள மேஜையில வச்சாகணும்.

– அண்ணன் கண்ணை ஏமாத்தறதா! கண்ணை மூடிக்கிட்டுக் கையால தொட்டே கல்லுக்கு ஜாதகம் சொல்றவர் அவர்.

– அந்தக் கையில இப்ப என்ன இருக்கு தம்பி? எலும்பும் ஊசி குத்தின தழும்பும்தான்.

– அவ்வளவு முடியலையா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.

– வயித்துல இருக்கிற கட்டியை வெட்டி எடுத்தா பிழைக்க வழி இருக்குன்னு டாக்டர் சொல்றார். இவர் மாட்டேங்கறார். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சோறு தண்ணி இல்லாம கிடந்தும் பார்த்தேன். கடைசியில இந்தக் கல்லை வாங்கிட்டு வந்து மேஜையில வச்சார். "இது காஞ்சு ஒரு வாரம் வெடிக்காம நின்னா ஆபரேஷனுக்கு வர்றேன். வெடிச்சா நீ இந்தப் பேச்சை விட்டுடணும்"னார்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– சரின்னேன். ஏன் தெரியுமா? கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கிறேன், அவர் எடுத்த ஓபல் ஒண்ணுகூட வெடிச்சதில்லை. பொண்டாட்டியைப் பார்த்து எடுத்ததுல வேணா தப்புப் பண்ணியிருப்பார், கல்லுல பண்ண மாட்டார். பிழைக்கணும்னு மனசுல ஆசை இருக்கு, வாய்விட்டுச் சொல்ல மனுஷனுக்கு வெட்கம், அதான் நல்ல கல்லாப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கார்னு நினைச்சேன். எத்தனையோ நாள் கழிச்சு அன்னைக்குத்தான் தூங்கினேன் தம்பி.

– கொஞ்சம் தண்ணி குடிங்க அண்ணி.

– தண்ணியை உங்க கல்லுக்கு ஊத்துங்க. அங்க, தட்டுல, துணி மேல ஒண்ணு இருக்கே, அது?

– அது வருஷக்கணக்கா வெளியிலேயே கிடந்து காஞ்சது. இனிமே வெடிக்காது.

– கொண்டாங்க இப்படி. பார்த்தீங்களா, கூடப்பிறந்தது மாதிரி இருக்கு. பச்சைதான் கொஞ்சம் கம்மி. மாத்திரை மயக்கத்துல அவருக்கு இது போதும். கட்டிக் குடுங்க.

– வேணாம் அண்ணி.

– ஏன்? வேற யாருக்காவது சொல்லி வச்சிருக்கா?

– இல்ல. அவர் நம்ப மாட்டார்.

– ஏன் நம்ப மாட்டார்? தான் எடுத்த கல் நிக்கும்னு அவருக்கே தெரியாதா?

– அண்ணி... பாருங்க...

– என்ன பார்க்கறது? நானே அழல, நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க? என் புருஷன் உசிரு இந்தத் தட்டுல இருக்கு. கட்டுங்க சீக்கிரம்.

– இதைத்தான் அன்னைக்கு முதல்ல அவர் கையில குடுத்தேன். தடவிப் பார்த்துட்டுத் திருப்பி வச்சுட்டார் அண்ணி. "இது நிக்கும், எனக்கு வேணாம். ஒரு வாரத்துக்குள்ள நிச்சயமா வெடிக்கிற கல்லாப் பார்த்துக் குடு"ன்னார்.