என் கணவர் உடம்பில் காந்தம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே நான் எதையும் நினைப்பதுகூட இல்லை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

என் கணவர் பழனிச்சாமி ஆலங்குடியில் முந்திரிக்கொட்டை வியாபாரி. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கினார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. மணிக்கட்டைப் பார்த்தே பேசினார். ஒருநாள் கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

"இங்கிட்டு என்ன பண்றே, சொர்ணம்?"

"சும்மா இருக்கேன்."

"இருவது நிமிசமாவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கடிகாரத்தின் மேல் இரக்கம்தான் வந்தது. அதற்கும் ஓய்வு வேண்டாமா?

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது அதை இட்லிப் பானை ஆவியில் சற்று நேரம் காட்டினேன். கண்ணாடிக்கு உள்ளே பனி பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் சூசைராஜிடம் போனோம். அவர் பின்மூடியைத் திறந்து காயவைத்துக் கொடுத்தார்.

"ஆவி பட விடாதீங்கம்மா. வீட்டு எண்ணெயும் ஆகாது, பிசினாட்டம் புடிச்சு மெதுவா ஓடும். ரேடியோகிட்டயும் வைக்காதீங்க. ஸ்பீக்கர் காந்தம் ஏறிட்டா தலைதெறிக்க ஓடும்."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர்.

முதலில் சாவி கொடுக்கும் குமிழின் இடுக்கில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். கடிகாரம் தளர்ந்து நடந்தது. அந்தக் கணக்கில் என் வேலைகளெல்லாம் சீக்கிரம் முடிந்தன. அவர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். ஆனால் கீரமங்கலம் பஸ்ஸைத் தவறவிட்ட அன்றே சூசைராஜிடம் போய் எண்ணெயைக் கழுவி வாங்கிவந்துவிட்டார்.

பிறகு, மழையில் நனைந்து செத்துப்போன எங்கள் ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி, இரவில் அவர் கடிகாரம் வைக்கும் பெட்டியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். முட்கள் ஓட்டமாய் ஓடின. கும்மிருட்டில் எழுந்து, "எட்டு மணியாச்சு, இன்னும் வெளுக்கலையே" என்று வானத்தைக் குறை சொன்னார்.

சூசைராஜ் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டுக் காந்தத்தை இறக்கினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஏறியது. திரும்பவும் இறக்கிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீங்க கட்டிப் பாருங்கம்மா" என்றார். நான் பெட்டியில் வைக்கவில்லை. என் கையில் ஒழுங்காக ஓடியது. அவரிடம் கொடுத்தேன், பெட்டிக்குப் போனது, விடிந்ததும் பழைய ஓட்டம்.

சூசைராஜ் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றினார். "கோளாறு வாச்சுல இல்லீங்க. அண்ணன் ஒடம்புலதான் காந்தம் இருக்கு."

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் கணவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

கடிகாரத்தை எனக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இரும்புக் கட்டிலில் படுப்பதில்லை, ஒட்டிக்கொள்ளுமாம். பக்கத்து வீட்டு மூக்காயி முழங்கால் வலியோடு வந்தாள். "அண்ணே, அந்தக் காந்தக் கைய இதுல கொஞ்சம் வைங்களேன்." வைத்தார். வலி போய்விட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒரே மாதத்தில் வல்லத்திராக்கோட்டையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வியாபாரத்தை ஏறக்கட்டிவிட்டார். நல்ல புத்தியோடு இருந்த ஒரு மனிதரை ஊரார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தது நான்தான். மறுக்கவில்லை. காந்தம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன்.

ஆனால் அவரை யாரும் விரட்டக்கூடாது, நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமே என்று கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்கிறேன். முழங்காலுக்கு மூன்று நிமிஷம். "ஆச்சு, எந்திரிங்க" என்பேன்.

"பாவம் சொர்ணம், இந்த ஆத்தாளுக்கு இன்னுங் கொஞ்சம்..." என்று இழுப்பார்.

நல்ல மனசு அவருக்கு. நேரத்தின் அருமைதான் என்றைக்குமே தெரிந்ததில்லை.