நிறுத்திய தறி அறுபதாவது நொடியில் எழுந்தது

02.10.2025 வியாழக்கிழமை பிற்பகல் 2.05 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஜெயப்ரியா முன்பாக, பெரிய காஞ்சிபுரத்தில் வசிக்கும் ஏலவார்குழலி, வயது 27, த/பெ. கந்தன், கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட ஊரில் என் பெற்றோருடன் வசித்து வருகிறேன். கணினிப் பொறியியல் படித்துவிட்டு நான்கு ஆண்டுகளாகப் பட்டுச் சேலை வியாபாரி கலியாணசுந்தரம் என்பவரிடம் வேலை செய்கிறேன். அவருக்காக நெய்யும் தறிகளில் இரண்டில், பூ வேலைக்காகப் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி மோட்டாரில் ஓடுகிறது. எந்த இழையைத் தூக்குவது என்று அதற்குச் சொல்லும் கணினி நிரல் நான் எழுதியது. ஒரு தறி பெரிய காஞ்சிபுரத்தில் சிவராஜ் என்பவர் வீட்டிலும், மற்றது திருப்புட்குழியில் செல்லியம்மாள் என்பவர் வீட்டிலும் உள்ளன. இன்று காலை சிவராஜின் வலது கை அந்தப் பெட்டிக்குள் சிக்கி மூன்று விரல்கள் நசுங்கின. இப்போது அவரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அவருடைய மனைவி சங்கரி தெரியாமல் மிதியில் கால் வைத்ததால் நடந்தது என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

தறிக் குழியில் உட்காரும் நெசவாளர் காலால் மிதியை அழுத்தினால் பெட்டி ஒருமுறை இழைகளைத் தூக்கும். மேலே கொக்கி ஏதாவது சிக்கினால், நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, பெட்டிக்குள் கைவிட்டுச் சரிசெய்வார்கள். மறுபடி மிதியை அழுத்தும்வரை பெட்டி அசையாது. இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டாமா என்று சிவராஜ் ஆரம்பத்தில் கேட்டார். அணைத்தால் கணினி மறுபடி கிளம்ப நேரம் ஆகும், பொத்தானே போதும் அண்ணா என்று சொன்னது நான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

என் நிரல், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, திருத்தக்கூடிய ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்பவர்கள் எங்கெங்கோ தேசங்களில் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, புதிதாக எதுவும் சேர்க்காமல், பழைய பிழைகளை மட்டும் திருத்திப் பராமரிப்புப் பதிப்பு வெளியிடுவார்கள். போன வாரம் ஒன்று வந்தது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்திருப்பதால் உடனே போட்டுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு மாற்றங்கள். முதல் ஐந்தாறைப் படித்தேன். மிச்சம் மளிகைப் பட்டியல் மாதிரி இருந்ததால் படிக்காமல் விட்டேன்.

வேலை நாளில் தறியை நிறுத்தச் சொன்னால் நெசவாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே ஆயுத பூஜை அன்று போடலாம் என்று இருந்தேன். நேற்று காலை திருப்புட்குழிக்குப் போய் அங்கே போட்டேன். அதன் பிறகு பதினொரு மணிக்கு சிவராஜ் வீட்டுக்கு வந்து அங்கும் போட்டேன். இரண்டு வீட்டிலும் நான் போவதற்கு முன்பே தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சங்கரி, "பூசைக்கு வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாதும்மா, நாளைக்கு நல்ல நேரத்துல ஓட்டிக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுண்டல் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து 10.45 மணிக்கு சிவராஜ் தறியில் உட்கார்ந்தார். நானும் கணினி பக்கத்தில் இருந்தேன். இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு மேலே ஒரு கொக்கி சிக்கியது. சிவராஜ் பொத்தானை அழுத்திவிட்டுக் குழியிலிருந்து எழுந்து வந்து, ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டூல் ஆடாமல் இருக்க சங்கரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மிதி இருக்கும் குழியில் யாரும் இல்லை. "மாலை நாரு சிக்கிக்கினு இருக்குது" என்று சிவராஜ் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். அப்போது பெட்டி தானாக எழுந்தது. அவர் கத்தியதைவிட, அதற்கு முன்னால் கேட்ட சத்தம்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஆட்டோவில் ஏற்றும்போது வாசலில் நேற்று உடைத்த பூசணிக்காயின் குங்குமத்தையும் அவர் கையிலிருந்து சொட்டியதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மருத்துவமனை தாழ்வாரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்த முப்பத்தொரு மாற்றங்களையும் படித்தேன். பதினேழாவதில் இருந்தது. மிதி அழுத்துவது போன்ற ஒரு சைகைக்காகக் காத்திருக்கச் சொன்னால் அறுபது நொடிதான் காத்திருக்க வேண்டும் என்பது அந்த மொழியின் விதியாம். பழைய பதிப்பில் ஒரு பிழையால் அது நாள் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்கள். விதியை நான் படித்ததே இல்லை. காத்திருப்பு முடிந்தால் மிதி அழுத்தப்பட்டது என்று அர்த்தம் என நானாக எழுதி வைத்திருந்தேன். நெய்யும்போது அறுபது நொடிக்குள் மிதியை அழுத்திவிடுவார்கள், அதனால் முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் தங்கள் பிழையைச் சரிசெய்ததும் என் பிழை வெளியே வந்தது. சிவராஜ் வீட்டுக் கணினியின் பதிவையும் கைப்பேசியிலேயே திறந்து பார்த்தேன். அதில் நிறுத்தியது 11.06.12, எழுந்தது 11.07.12, இடையில் மிதி அழுத்தியதாக ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அங்கே வந்த கலியாணசுந்தரத்திடம் இதைச் சொன்னேன். அவர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "சங்கரி தெரியாம மிதியில கால வெச்சிட்டான்னு சொல்லிடும்மா. பொண்டாட்டி தெரியாம செஞ்சா யாரு கேஸ் போடுவாங்க? அந்தப் பதிவ அழிச்சிடு" என்றார். செல்லியம்மாளுக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். "நீ போன் பண்ணா தப்பு நம்மளுதுன்னு ஆயிடும்பா, சும்மா இரு" என்றார். பதிவை நான் அழிக்கவில்லை, ஆனால் போன் செய்யாமல் சும்மா இருந்தேன். ராகு காலம் போய் மூன்று மணிக்கு மேல்தான் தறி தொடங்குவேன் என்று செல்லியம்மாள் நேற்றே சொல்லியிருந்ததால், நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் கலியாணசுந்தரமே எல்லோரிடமும் அப்படிச் சொல்லிவிட்டார். சங்கரி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் காலு வெச்சேனா? நான் ஸ்டூலத்தானே புடிச்சிருந்தேன்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார். அதற்கு மேல் உட்கார முடியாமல் இங்கே வந்தேன்.

வந்ததும் என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அப்போதும் செல்லியம்மாள் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை உள்ளே வைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். இப்போது சுவரில் மணி 2.51. கைப்பேசியைக் கொடுங்கள்.

(கைப்பேசி கொடுக்கப்பட்டது. வாக்குமூலம் கொடுப்பவர், உதவி ஆய்வாளர் கேட்கும்படி பேசினார்.)

இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாம் முறை செல்லியம்மாள் எடுத்து, "கம்ப்யூட்டர போட்டுட்டேன்மா, சூடம் ஏத்திக்கினு இருக்கேன்" என்றார். பெட்டி பக்கம் கையே வைக்காமல் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். சுவிட்ச் அணையும் சத்தம் கேட்டது. "ஏம்மா, சாமி குத்தம் ஏதாவதா?" என்று கேட்டார். "சாமி குத்தம் இல்லக்கா, என் குத்தம்" என்றேன். இதையும் எழுத வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

இவ்வளவும் நான் சொல்ல எழுதப்பட்டது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாருக்காகவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சங்கரி மிதியில் கால் வைக்கவில்லை.

(ஒப்பம்) க. ஏலவார்குழலி