இருபத்திநாலாம் நம்பர் டோக்கன்

— கார்டு எங்க தங்கவேலண்ணே? பன்னெண்டு கேஜ் இருக்கு, ஒண்ணுல கூட கார்டு இல்ல!

— பதறாதீங்க சுனிதாம்மா. எல்லாம் செவுத்துல, போர்டுல மாட்டிகினு கீது பாருங்க.

— இது கார்டா? அய்யோ கடவுளே, கத்திரிக்கோலால வெட்டியிருக்கீங்க!

— பின்ன? ஒரு கார்டுல அஞ்சு எலி நம்பர் எழுதிகீறீங்க. ஒரு டோக்கனை வெச்சிகினு அஞ்சு ஆளு எறங்குவாங்களா? அதான் ஆளுக்கு ஒண்ணா அறுவது வெட்டினேன். ஓரம்கூட கோணல.

— இது உங்க பழைய நந்திதுர்க் தங்க மைன்ஸ் இல்லண்ணே, ஆராய்ச்சி எலி ரூம்!

— கேஜுன்னு சொன்னது நீங்கதானே? "கேஜுக்கு அஞ்சு பேருதான், எண்ணிக்கை தப்பவே கூடாது." பதினோரு வருஷம் கேஜுக்கு பெல்லு அடிச்சவன்கிட்ட வந்து அப்படிச் சொன்னா அவன் இன்னா செய்வான்?

— அது மைன்ஸ்ல ஆளு எறங்குற லிஃப்ட் கேஜ். இது எலிப் பெட்டி. ஸ்வல்ப யோசிக்க வேணாமா? பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது. பெட்டி அளவு பாப்பாங்க, கீழ போட்ட உமி பாப்பாங்க, ரூம் சூடு பாப்பாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி கார்டைத்தான் பாப்பாங்க. எந்த எலி எந்த கேஜ்னு தெரியலன்னா என் ஒரு மாச ஆராய்ச்சியும் குப்பைக்குத்தான்.

— ஏன் தெரியாது? காதுல நம்பருக்கு நம்பர் நீங்க போட்ட வெட்டு கீதே. நேத்து சாயங்காலம் கேஜ் கழுவசொல்ல ஒவ்வொருத்தனா வெளிய எடுத்தேன், டோக்கனை வலது பக்கம் மாட்டினேன். காதைப் பார்த்து அவனவன் கேஜுல உட்டேன், டோக்கனை இடது பக்கம் மாத்தினேன். உள்ள கீறவன் இடது, வெளிய கீறவன் வலது. எங்க டோக்கன் ஆபீஸ்ல அப்படித்தான்.

— ஹௌதா, அப்படியா? கேக்க நல்லாத்தான் இருக்கு. சரி, இருங்க... வலது பக்கம் ஒண்ணு தனியா தொங்குதே?

— அதைத்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...

— இருபத்திநாலு. அண்ணே, இருபத்திநாலு எங்க?

— சிரிலா?

— யாரு சிரில்?

— இருபத்திநாலுக்கு நான் வெச்ச பேரு. எங்க ஷிஃப்ட்ல சிரில்னு ஒரு தொப்பைக்காரன். அவன் ஏறினா ரெண்டு பேரு எறங்கி நிக்கணும். இவனுக்கும் ஒரு வாரமா அதே தொப்பை.

— அது ஓவரா தின்னுது, நான்தான் சொன்னேனே. எங்க போச்சு?

— கையில இருந்து துள்ளிட்டான். கதவு சாத்தி கீது, ரூமை உட்டுப் போகல. நானும் போகல. ஒருத்தன் மேல வரலன்னா ஷிஃப்ட் எப்படி முடியும்? இங்கயே பெஞ்சுல படுத்துகினேன்.

— ஐயோ, வீட்டுக்கே போகலயா? ஆனா நம்ம லேப் ஹெட் நேத்ரா டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். உங்க வேலையைப் புதுப்பிக்கிற லெட்டர் இன்னைக்குத்தான் அவங்க கையெழுத்துக்குப் போகுது. ஆள் எப்படின்னு என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. எலியைத் தொலைச்சவர்னு எழுதவா?

— மைன்ஸ் மூடினப்பறம் இருபது வருஷம், மாரிகுப்பத்துல விடியறதுக்குள்ள ட்ரெயின் ஏறி, பெங்களூருல வாட்ச்மேன் வேலை பார்த்தவன்மா நான். சொந்த ஊருல நடந்து போற வேலை, இந்த வயசுலதான் கெடைச்சுது. உட மனசு வருமா?

— அழ வைக்காதீங்கண்ணே. சரி, ஒண்ணு செய்யலாம். இருபத்திநாலு செத்துருச்சுன்னு எழுதிடறேன். யாருக்கு தெரியப்போகுது?

— வேணாம்மா. என் வேலை போனாலும் போவட்டும். டோக்கன் தொங்கசொல்ல ஆளு செத்தான்னு எழுதக்கூடாது. இன்னொரு தபா பெல்லு அடிச்சுப் பாக்குறேன்.

— என்ன பெல்லு?

— தீனி வெக்கசொல்ல தெனம் ஸ்பூனால ரேக்குல மூணு தட்டு தட்டுவேன். எங்க மைன்ஸ் ஷாஃப்ட்ல மூணு பெல்லுன்னா ஆளு ஏறுதுன்னு அர்த்தம். பசங்களும் கத்துகினானுங்க. நேத்து இவன் மட்டும் வரல. சும்மா நில்லுங்க, தட்டுறேன்... ஒண்ணு. ரெண்டு. மூணு.

— ஹே! எல்லாம் எழுந்து நிக்குதுங்க! எத்தனை மூக்கு!

— உஷ்... அந்த உமி மூட்டையைப் பாருங்க. ஆடுது.

— வந்துருச்சு! அண்ணே, சிரில் வந்துருச்சு! அதே காது வெட்டு!

— டேய் சிரிலு, வாடா என் ராசா. ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துட்டியேடா.

— என்னண்ணே, மறுபடி உள்ளயே போகுது?

— தீனி காட்டினாகூட நிக்கலியா? மூட்டை வாயைப் பிரிச்சுப் பாருங்க.

— பேப்பரைக் கிழிச்சு மெத்தை போட்டிருக்கு. அதுக்குள்ள செவப்பா நெளியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு.

— இன்னா ஏழு?

— குட்டி.

— சிரிலுக்கா?

— சிரிலுக்குத்தான்.

— சுனிதாம்மா... அந்த கேஜ் கார்டுல "அஞ்சும் ஆண்"னு எழுதினது...

— நான்தான். தொப்பையைப் பார்த்து ஓவரா தின்னுதுன்னு சொன்னதும் நான்தான். சிரிக்காதீங்கண்ணே. ஐயோ, எனக்கே அடக்க முடியல!

— எங்க ஷிஃப்ட் சிரில் காதுல இது உழுந்தா இன்னும் நாலு கிலோ ஏறிடுவான். இரும்மா, வாசல்ல ஹாரன் கேக்குது. கமிட்டி வந்துட்டாங்க! இப்ப இன்னா சொல்லப்போறீங்க?

— நடந்ததைத்தான். கார்டு வெட்டினது நீங்க, ஆண்னு எழுதினது நான். செத்துருச்சுன்னு நான் எழுதியிருந்தா இந்த ஏழும் மூட்டையோட போயிருக்கும். அதைத் தடுத்தது நீங்கன்னும் லெட்டர்ல எழுதுவேன்.

— அப்ப கார்டை வெட்டின கோவம் போச்சா?

— அந்தக் கத்திரிக்கோலை இப்படிக் குடுங்கண்ணே. இன்னும் ஏழு டோக்கன் வெட்டணும்.